பெரட்டுக் களத்தில் ஹைபர்னேஷன்

வணக்கம், பழைய தோட்டத்துச் சனங்களே. எல்லாரும் சுகமா? மூட்டு வலி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் சொன்னபடி கேட்கின்றனவா? நல்லது. விஷயத்துக்கு வருகிறேன்.

பசியை ஒழிக்க உலகத்தில் யார் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். சோறே இல்லாமல், வெறும் வார்த்தைகளால் அதை ஒழித்த பெருமை, புக்கிட் ரோத்தான் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மட்டுமே உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. மலாயாவில் வெள்ளைக்காரர் போட்ட அவசரகாலம். காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் இறக்க, போகிறவர்கள் ஒரு பருக்கைகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. பால் எடுத்துக் கொண்டுவந்து ஊற்ற மத்தியானம் இரண்டு மணி ஆகும். அதுவரை வெறும் வயிறு. கேட்டில் ஆண்களைச் சோதிக்கப் போலீஸ்காரர், பெண்களைச் சோதிக்க நான். முரியல், வயது இருபத்திரண்டு, "பாதுகாப்புப் பணி". கொண்டையிலோ வாளியின் அடியிலோ சேலை மடிப்பிலோ, சோற்று உருண்டை எங்கே இருந்தாலும் என் கை கண்டுபிடித்துவிடும்.

தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணி காப்ரியல் பெரிய படிப்பாளி. மேனேஜர் தொரையின் மனைவி தொரைசாணி படித்துமுடித்த இயற்கை, விஞ்ஞானப் பத்திரிகைகள் அவரிடம்தான் வரும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். தினம் ஒரு புது வார்த்தையைக் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடும் நேரத்தில், கேட்டுக்கு எதிரில் இருந்த கரும்பலகையில் எழுதிப்போட்டு விளக்குவார்.

முதல் வார்த்தை "கலோரி". அன்றிலிருந்து நான் யாருடைய சோற்றையும் பறிக்கவில்லை. கலோரியை மட்டுமே கைப்பற்றினேன். எவ்வளவு கௌரவம் பாருங்கள்!

காளியம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு முறை மரத்தடியில் மயங்கி விழுந்துவிட்டாள். தனக்கு மட்டுமாவது ஒரு உருண்டை சோறு கொண்டுபோக அனுமதி வேண்டுமென்று கேட்டாள். கிராணி மறுநாளே பதிலைப் பலகையில் எழுதினார்: "ஹைபர்னேஷன்".

"பனிக்காலம் பூரா கரடி ஒண்ணுமே சாப்பிடாம கெடக்குது. ஒங்களால ரெண்டு மணி வரைக்கும் தாங்க முடியலையா?"

காளியம்மாவின் நாத்தனார் வேலம்மா கையைத் தூக்கினாள். "அந்தக் கரடி ஒரு நாளைக்கி எத்தன மரம் வெட்டும் கிராணி?"

"வெட்டாது. தூங்கும்."

"தங்கமான தொரை லா அந்தக் கரடிக்கு!"

"வயித்துல புள்ள இருந்தா?" என்றாள் காளியம்மா.

"கரடி தூக்கத்துலயே குட்டி போடும்!" என்றார் கிராணி, தானே போட்டதுபோல் பூரித்து.

கல்வி வீண்போகவில்லை. அன்று பத்து மணிக்குக் காளியம்மா மூன்றாவது முறையாக விழுந்தாள். வேலம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் படுங்கடி!" என்றாள். பால் எடுக்க மணி அடித்தது. அறுபது பெண்களும் எழுந்திருக்கவில்லை.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி சைக்கிளில் பறந்துபோய்ச் சொல்ல, தொரை கவச வண்டியில் வந்தார். பின்னால் கிராணி. அதற்குப் பின்னால், பெண்களை எழுப்பும் "சிறப்புப் பணிக்காக" நான்.

"என்ன இது?" என்றார் தொரை.

வேலம்மா படுத்தபடியே சொன்னாள்: "ஹைபர்னேஷன், தொரை."

கிராணி தொரையின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனால் கண்ணில் ஆனந்தம். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம்.

"எழுப்பு இவங்கள!"

"பாதியில எழுப்புனா உசுருக்கே ஆபத்து தொரை," என்றார் கிராணி பணிவாக. "தொரைசாணி குடுத்த புத்தகத்துலயே போட்டிருக்கு."

மரங்களில் கட்டியிருந்த மங்குகளில் பால் உறையத் தொடங்கியது. ஒரு மங்கு இரண்டு மங்கு இல்லை, இருபதாயிரம்.

அன்று சாயங்காலம் அவசரக் கூட்டம். அரசாங்க உத்தரவை மாற்றவே முடியாது என்று வெளியிலிருந்து வந்த அதிகாரி மேசையைத் தட்டினார். தொரை உறைந்த பாலைப் பற்றிச் சொன்னார். இருபது நிமிடத்தில் உத்தரவு மாறியது. இனித் தினம் பத்து மணிக்கு லோரியில், துப்பாக்கிக் காவலோடு, கஞ்சி வரும். பெண் மூன்று முறை விழுந்தும் அசையாத சட்டம், பால் ஒரு முறை உறைந்ததும் உருகிவிட்டது. நிர்வாகம் என்றால் அதுதான் நிர்வாகம்!

மறுநாள் காலை காளியம்மா வழக்கம்போல் கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இனிமே நீ ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல," என்றேன் பெருந்தன்மையோடு.

"சரி முரியல். இத்தன மாசமா எங்ககிட்ட புடுங்குன சோறெல்லாம் எங்க போச்சு?"

"முறைப்படி அப்புறப்படுத்தப்பட்டது," என்றேன்.

பொய் இல்லை. பாதி என் வீட்டில், பாதி கிராணி வீட்டில். மத்தியானத்துக்கு உலை வைத்தே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அதிலும் வேலம்மா வைக்கும் கருவாட்டுச் சம்பல் இருக்கிறதே!

காளியம்மா பலகை பக்கம் திரும்பினாள். "கிராணி, ஒரு வார்த்த கேக்கணும். தான் ஒழைக்காம அடுத்தது மேல ஒட்டிக்கிட்டு, அது சாப்பாட்ட உறிஞ்சியே வாழுறத, அந்தப் புத்தகத்துல என்னான்னு சொல்லுவாங்க?"

கிராணியின் முகம் மலர்ந்தது. மாணவி தானாக வந்து கேட்கிறாளே!

"பேரசைட்! தமிழ்ல ஒட்டுண்ணி!" சாக்குக்கட்டியை எடுத்துவிட்டார். "எழுதிப் போடவா?"

"போடுங்க கிராணி. பெருசா. பக்கத்துல ரெண்டு பேரோட பேர எழுத எடம் விடுங்க."

பாதி எழுத்தில் சாக்குக்கட்டி நின்றது. கிராணி என்னைப் பார்த்தார். நான் கிராணியைப் பார்த்தேன். அறுபது பெண்களும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள்.

உங்கள் தோட்டத்துக் கேட்டிலும் என்னைப் போல் ஒருத்தி நின்றிருப்பாள். அவள் மத்தியானம் யாருடைய சோற்றைச் சாப்பிட்டாள் என்று தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். அவள் நீங்களாகவே இருந்தாலும் எழுதுங்கள்.