அசையாச் சொத்து

பொதுமக்களின் வசதியை முன்னிட்டு, சான்றிதழ் அலுவலகத்தை நான்காவது மாடியில் வைத்திருந்தார்கள். அத்தனை படி ஏறி வருகிறவனுக்குச் சான்றிதழ் உண்மையிலேயே தேவைதான் என்பது அவனுக்கு மூச்சு வாங்குவதிலிருந்தே தெரிந்துவிடும் அல்லவா? லிஃப்ட் அதிகாரிக்கு மட்டும். இரும்புக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட். படிக்கட்டு அதைச் சுற்றிச் சுற்றி மேலே போகும்.

அந்தக் கட்டடத்தில் குழாயை மூடினால் ஒழுகும், திறந்தால் வராது. ஒரு பிளம்பரைக் கூப்பிடலாம் என்று நீங்களும் நானும் நினைப்போம். அரசாங்கம் அப்படியெல்லாம் அவசரப்படாது. கட்டமைப்பு மேலாண்மை ஆலோசகர் ஒருவரை நியமித்தது. அவர் கையில் டேப்லெட்டோடு வந்து, மூன்று மாதம் கண்ணில் பட்டதன் மேலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினார். தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனுக்கும் ஒன்று கிடைத்தது. பிறகு அறிக்கை வந்தது. அலுவலகத்தில் இனி இரண்டே வகை: அசைவன, அசையாதன. முதல் வகைக்கு மெக்கானிக் பொறுப்பு, இரண்டாவதற்குக் கொத்தனார். அரை மணி நேரம் அசையாமல் இருக்கும் எதுவும் அசையாச் சொத்தாகக் கருதப்படும்.

"அப்படிப் பார்த்தா ஆபீஸ்ல பாதிப் பேருக்குக் கொத்தனார்தான்" என்றார் பியூன். அது அறிக்கையில் சேரவில்லை.

ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, அதாவது பத்து மணி அலுவலகத்துக்குச் சற்று முன்கூட்டியே, அதிகாரி வந்து லிஃப்டில் ஏறினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அது நின்றது. ஏதாவது ஒரு மாடிக்கு நேராக நின்றால்தான் கதவு திறக்கும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். மெக்கானிக் கைப்பெட்டியோடு ஓடி வந்தார். ஆலோசகர் குறுக்கே நின்றார்.

"எப்ப நின்னுச்சு?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு சார். மேல போய்ச் சக்கரத்தைக் கையால சுத்தினா இறங்கிடும். ரெண்டே நிமிஷ வேலை."

"முப்பது தாண்டிட்டா அது லிஃப்ட் இல்லப்பா, அறை. அறைக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்காரு சார்!"

"அறைக்குள்ள இருக்கிறவரை மாட்டிக்கிட்டார்னு சொல்ல மாட்டாங்க. பணியில இருக்கார்னு சொல்லுவாங்க."

கொத்தனார் வந்தார். சுற்றிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "எனக்கு இதுல என்ன வேலை? வேணும்னா வெள்ளையடிச்சுத் தரேன்" என்றார். அடித்தும் கொடுத்தார். அதிகாரியின் சட்டையிலும் கொஞ்சம் பட்டது.

பதவியேற்ற நாளிலிருந்து அதிகாரி இருக்கையில் உட்கார்ந்து, மனுவோடு அலையும் நாங்கள் பார்த்ததில்லை. இப்போது கண்ணெதிரே, கம்பிக்குப் பின்னால், எங்கும் போக வழியில்லாமல் இருக்கிறார். விட்டுவிடுவோமா? முதலில் ஒரு கிழவர் மனுவைக் கம்பி வழியாக நீட்டினார். சும்மா நிற்பானேன் என்று அதிகாரியும் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதம் அலைந்த மனு எட்டு நொடியில் முடிந்தது! அவ்வளவுதான். சேதி பரவி, படிக்கட்டு வாசல் வரை நிரம்பிவிட்டது. பியூன் முத்திரையையும் மைப் பெட்டியையும் கம்பிக்குள் தள்ளினார். இரண்டு மணிக்குள் அதிகாரி கத்துவதை மறந்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு களைகூட வந்திருந்தது.

மூன்று மணிக்கு அவருடைய மனைவி மூச்சிரைக்க வந்து, மெக்கானிக்கைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஆலோசகர் முன் நிறுத்தினாள்.

"என் வீட்டுக்காரர வெளிய விடுங்க."

"தாராளமா விடலாம்மா. ஆனா ஓர் அறையை இடம் மாத்தணும்னா அதுல இருக்கிற அதிகாரி சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். இந்தாங்க படிவம்."

அவள் படிவத்தோடு முன்னால் போகப் பார்த்தாள்.

"ஏம்மா, நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா? கடைசில போய் நில்லும்மா" என்றோம் எல்லோரும் ஒரே குரலில்.

நின்றாள். ஒன்றரை மணி நேரம் நின்று, அவருக்கு எதிரே வந்து, கம்பி வழியாகப் படிவத்தை நீட்டினாள். அதிகாரி குனிந்த தலை நிமிராமலே கேட்டார்:

"உள்ள இருக்கிறவருக்கு நீங்க என்ன வேணும்?"

"என்னங்க இது, நான்தாங்க! உங்க சம்சாரம்!"

"சம்சாரம்ங்கறதுக்கு அத்தாட்சி இருக்கா?"

அருகில் நின்ற பியூன்தான் இரக்கப்பட்டுச் சொன்னார்: "கல்யாணச் சான்றிதழ் இருந்தாப் போதும்மா. சார்தான் தருவார். மனு எழுதிட்டு வந்திடுங்க."

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது ஒருவர், 'ஐயா, நிமிர்ந்து பாருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். ஐந்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. முதல் மனுவை முடித்துவிட்டு, இரண்டாவதோடு அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த நான்தான் அடுத்த ஆள்.

"ஓரமா நின்னு எழுதும்மா" என்று சொல்லிவிட்டு, என் மனுவை உள்ளே நீட்டினேன்.