மினுக்கு அண்ணாச்சியின் கார் மூக்கு

சங்கரன்கோவிலில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் மினுக்கு அண்ணாச்சிதான். தலை வாருவது, மீசை திருத்துவது, நெற்றியில் திருநீறு பூசுவது எல்லாம் தன் வாடகைக் காரின் கிரில்லைப் பார்த்துத்தான். எஞ்சினுக்கு முன்னால் பல்வரிசை மாதிரி குரோமியம் பூசிப் பளபளக்கும் அந்தச் சட்டத்தில் முகம் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

"நமக்கு வேண்டிய துண்டப் பாத்துக்கிட வேண்டியதான்" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த ஊரில் குமாஸ்தா. அவருடைய கார் ஷெட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தேன். கார் பழைய வெளிநாட்டுப் பிளசர். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மணப்பெண் அதில்தான் போவாள். அண்ணாச்சி பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு கொஞ்சியிருக்க மாட்டார். வெள்ளிக்கிழமைதோறும் திருநீற்றைத் துணியில் தொட்டு, கிரில்லின் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார். பார்க்கிற எனக்கே பல் கூசும்.

ஒருநாள் காலையில் கீழே சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். கிரில்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். நடுப்பல்லில் பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது.

"துருவா அண்ணாச்சி?"

"துருன்னா செவப்பால்லா இருக்கும்? இது என்னன்னே தெரியல தம்பி."

மாதம் போகப் போகச் சாம்பல் பரவியது. அதே சமயம் ஊருக்குள் ஒரு புது வெள்ளைக் கார் வாடகைக்கு வந்தது. பெண் வீட்டார் இரண்டையும் பார்த்துவிட்டு, வெள்ளைக் கார்க்காரன் பக்கம் நகர்ந்தார்கள். அண்ணாச்சி கிரில்லைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டார். துணைக்கு நான். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தார்.

முலாம் பூசும் பட்டறைக்காரர் அதை விரலால் சுண்டினார். 'டொக்' என்றது.

"அண்ணே, இது பிளாஸ்டிக்கு. மேல மெல்லிசா பூசியிருக்காங்க. நம்ம தொட்டியில போட்டா கோணிக்கிரும்."

"எங்க வண்டியில பிளாஸ்டிக்கா?" அண்ணாச்சிக்குக் குரலே மாறிவிட்டது.

"எதை வச்சுத் தேச்சீங்க?"

"திருநீறு."

"இது என்ன குத்துவிளக்காண்ணே? தேச்சுத் தேச்சு நீங்களே உரிச்சிருக்கீங்க."

திரும்பி வரும்போதும் கிரில் அவர் மடியில்தான். ராஜபாளையம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி, "நல்லா இருக்கட்டும்னுதான தம்பி தேச்சேன்" என்றார்.

அடுத்த வாரம் அவர் மனைவி மாடியேறி வந்து கண்ணைக் கசக்கினார். "தம்பி, ஒங்க அண்ணாச்சி இந்த வயசுல சிகரெட்டு குடிக்க ஆரம்பிச்சிட்டாவ. சட்டைப் பையெல்லாம் சிகரெட்டு அட்ட."

பீடி வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர். விசாரித்தால், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளுக்காக அலைந்திருக்கிறார். வெற்றிலைபாக்குக் கடை வாசலில் நின்று, புகைப்பவர்களைப் பார்த்து, "மெதுவா ஏன்வே குடிக்கீரு? சீக்கிரம் பெட்டியக் காலி பண்ணும்" என்று அவசரப்படுத்தினாராம்.

அந்தத் தாளை நீவிப் பசை தடவி, கிரில்லின் பல்லெல்லாம் ஒட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் புதுக் குரோமியம்தான். டீக்கடைக்காரர் அதை நம்பித் தன் மகள் கல்யாணத்துக்குக் காரைப் பேசினார். திருவேங்கடத்தில் மாப்பிள்ளை வீடு. பின்னால் மணப்பெண்ணும் அவள் அத்தையும். முன்னால் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் நான்.

கரிசல் காட்டுக்கு நடுவே போகும்போது மழை பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு வெள்ளித் துண்டு பறந்து வந்து முன் கண்ணாடியில் ஒட்டியது. பிறகு இன்னொன்று. அண்ணாச்சி வண்டியை நிறுத்தி இறங்கினார். கொட்டுகிற மழையில், தோளில் கிடந்த துண்டால் கிரில்லை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

மணப்பெண் கண்ணாடியை இறக்கினாள். "மாமா, நனையாதீய. ஏறுங்க."

"அங்கன எல்லாரும் சிரிப்பாவ தாயி. ஒன் கல்யாணத்துல போயி இப்பிடி..."

"என்னையத்தான் பாப்பாவ. கார் மூக்க யாரு பாக்கா?"

அவர் கிரில்லிலிருந்து கையை எடுத்தார். பிறகு துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். திருவேங்கடத்தில் உண்மையிலேயே யாரும் கார் மூக்கைப் பார்க்கவில்லை. ஆரத்தித் தட்டோடு வந்தவர்கள் பெண்ணைத்தான் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு அதில் நிம்மதியா வருத்தமா என்று சொல்ல முடியாது.

ஊர் திரும்பியதும் மிச்சத் தாளையும் அவரே உரித்துப்போட்டார். அதற்குப் பிறகு திருநீறு நெற்றிக்கு மட்டும்தான். கிரில்லை ஈரத்துணியால், தூங்குகிற குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் ஒற்றி எடுப்பார். கல்யாணங்கள் வெள்ளைக் காருக்கே போயின. அவருக்கு ஆஸ்பத்திரியும் ரயிலடியும் மிஞ்சின.

பிறகு எனக்குக் கல்யாணம் கூடியது. பெண் ஊர் ராயகிரி. மாமனார் வெள்ளைக் காரைப் பேசியிருந்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஷெட்டுக்கு இறங்கிப் போய் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லும் தம்பி. வண்டி மூக்கு போட்டோவுல விழும்."

"விழட்டும் அண்ணாச்சி."

அந்தப் போட்டோ இன்னும் இருக்கிறது. நானும் என் மனைவியும் வெட்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அவர்தான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்.