ரோஸ், மஞ்சள், ஊதா

லாரியை நிறுத்திவிட்டு அவர் இறங்கியதும் குழந்தைகள் ஓடிவந்து வரிசை கட்டி நின்றன.

"மாமா, எனக்கு சாக்லேட் ஐஸ்."

"எனக்கு ரெண்டு."

லாரிக்காரர் தோளில் கிடந்த தடித்த குழாயைப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார். வாலிபத்திலிருந்து செப்டிக் டேங்க் உறிஞ்சிப் பிழைக்கிற மனிதர். அவரைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. நாக்கைச் சப்புக்கொட்டி வந்தவர்கள் கிடையாது.

"இதுல ஐஸ் இல்ல கண்ணுங்களா. வீட்டுக்குப் போங்க."

"பொய் சொல்றாரு," என்றது ஒன்று. "டேங்குக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்காரு."

எல்லாம் மச்சான் செய்த வேலை. மனைவியின் தம்பி, விளம்பர டிசைன் படித்தவன். புதுக் கம்பெனி ஒன்று சாம்பல் நிற லாரிகளோடு வந்திறங்கி, இவருடைய வாடிக்கையை வழித்துக்கொண்டு போயிருந்தது. இந்த மாதமும் போன் அடிக்காவிட்டால் லாரியை விற்றுவிட்டு அந்தக் கம்பெனியிலேயே டிரைவராகச் சேர வேண்டியதுதான்.

"சாம்பல் கலர யாரு மாமா திரும்பிப் பார்ப்பான்?" என்றான் மச்சான். "மூணே கலர். ரோஸ், மஞ்சள், ஊதா. பார்த்தவன் சாகறவரைக்கும் மறக்க மாட்டான்."

லாரிக்கு மட்டுமல்ல, ஓட்டுகிறவருக்கும். ரோஸ் சட்டை, மஞ்சள் பேன்ட், ஊதாத் தொப்பி.

"பஞ்சவர்ணக்கிளிக்கு ரெண்டு வர்ணம் குறையுது," என்றாள் மனைவி.

குழந்தைத் தொல்லைக்கும் மச்சானிடம் வைத்தியம் இருந்தது. "என்ன வண்டின்னு எழுதிட்டாப் போச்சு." லாரியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு எழுதினான்: 'செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்'.

குழந்தைகள் போயின. வாடிக்கையும் போயிற்று. டாக்டர் வீட்டம்மா வரச்சொல்லியிருந்தார். லாரி தெருமுனையில் திரும்பியதுமே மாடியிலிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். கூப்பிடுகிறார் என்று நினைத்து இவர் ஹாரன் அடித்தார். தெருவே எட்டிப் பார்த்தது. ஜன்னல் சாத்திக்கொண்டது. போன் அடித்தது.

"ஏங்க, அப்படியே மைக் கட்டியும் சொல்ல வேண்டியதுதானே? திரும்பிப் போங்க."

"அப்ப மூடிரலாம் மாமா," என்றான் மச்சான். கறுப்புத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினான்.

மறுநாள் ஒரு வீட்டு வேலைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டில் போலீஸ்காரர் கைகாட்டினார்.

"இப்படி மூடிக் கட்டி என்னத்தக் கடத்தற?"

"கழிவு சார்."

"கதை விடாத. தொற."

தார்ப்பாயை அவிழ்த்து டேங்க் மூடியைத் திறந்தார். போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். அதன் பிறகு வெகுநேரம் அவர் எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. அவரை நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தொப்பியால் விசிறிவிட்டுக் கிளம்புவதற்குள், காத்திருந்த வீட்டுக்காரர் கம்பெனி லாரியை வரவழைத்துவிட்டார்.

சாயங்காலம் சாம்பல் பெயின்ட் டப்பாவோடு வீடு திரும்பினார்.

"கம்பெனி லாரியும் லாரிதானே," என்றாள் மனைவி, மெதுவாக. "யூனிபார்மாவது ஒரே கலர்ல குடுப்பாங்க."

அவர் பிரஷ்ஷை டப்பாவில் முக்கியபோது போன் அடித்தது. டாக்டர் வீட்டம்மா.

"மன்னிச்சுக்குங்கம்மா," என்றார் அவசரமாக. "இப்பவே சாம்பல் அடிச்சிடறேன். காலையில கண்ணுலயே படாம வந்துடறேன்."

"ஐயையோ, கலர்ல கை வைக்காதீங்க," என்றார் அந்தம்மா. "சாம்பல் லாரி யார் வாசல்ல நின்னாலும் எதுக்குன்னு ஊருக்கே தெரியுது. நாத்தம் தெருவுக்கே பொது. லாரி நிக்கற வீட்டுக்குத்தான் மானம் போகுது. அந்த எழுத்த மட்டும் அழிச்சிட்டு வந்து நில்லுங்க, எங்க வீட்ல பிறந்த நாள்னு நினைச்சுக்குவாங்க. அப்புறம், எங்க வரிசையில மத்த வீட்லயும் பிறந்த நாள் வருதாம். எல்லாரும் உங்க நம்பர் கேக்கறாங்க."