அபின் துரை பங்களாவுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள்

சேசு மரி சூசை துணை

கொடைக்கானல்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் அருள்பிரகாஷ் அவர்களுக்கு,

மரியசூசை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை சூசையம்மாளும் மகள் ஷைலாவும் போலீஸ் பார்வையில் பத்திரமாக இருக்கிறோம். வடகவுஞ்சியில் உங்கள் சுகத்தையும் பூண்டு விளைச்சலையும் அறிய ஆவல். போனை நீங்கள் எடுப்பதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

சரித்திர வாத்தியாராக ரிட்டயரான நீங்கள்தானே, நம் ஹோம்ஸ்டேயைக் கட்டிய வெள்ளைக்காரர் கவர்மென்ட் அபின் இலாகாவில் இருந்தவர், அதை போர்டில் எழுதி வைத்தால் கூட்டம் அள்ளும் என்றீர்கள். அள்ளியது. 'அபின் துரை பங்களா' என்று எழுதி வைத்த மறுநாளே பைக்கில் வந்த பெங்களூர்ப் பையன்கள், "அங்கிள், ஸ்டாக் இருக்கா?" என்றார்கள். வட்டார மதுவிலக்கு சபையின் செயலாளரான என்னிடம். கம்பளியைத்தான் கேட்கிறார்களாக்கும் என்று, "எத்தனை பேருக்கு வேணும்? ரூமுக்கே கொண்டாந்து தாரேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அதைப் பக்கத்து லாட்ஜ்காரர் கேட்டு, ஸ்டேஷனில் போய் ஓதி, இன்ஸ்பெக்டர் வெள்ளனே வந்து நின்றார். அடுப்படியைக் குடைந்து, ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்கு வைத்திருந்த கசகசாவை, அபின் செடியின் விதையாம், பாட்டிலோடு எடுத்துக்கொண்டார். உங்கள் தங்கைக்கு நான் மாட்டியதில் வருத்தமில்லை, பாட்டில் போனதில்தான்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தேன். அய்யா, அந்தக் காலத்தில் அபினை விளைய வைத்தது கவர்மென்ட், முத்திரை குத்தியது கவர்மென்ட், கல்கத்தாவில் ஏலம் போட்டது கவர்மென்ட், சீனாக்காரன் வேண்டாமென்று அழித்தபோது பீரங்கியோடு கப்பலில் போய் நல்ல புத்தி சொன்னதும் அதே கவர்மென்ட், அனுமதியில்லாமல் செடி வைத்த குடியானவனைத்தான் ஜெயிலில் போட்டார்கள் என்றேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க கவர்மென்ட்டு. நீங்க யாருங்க?" என்றார். விசாரணை முடியும்வரை போர்டைக் கழற்றக் கூடாதாம். அது சாட்சியாம்.

மச்சான், வருகிற ஞாயிறு ஷைலாவைப் பெண் பார்க்கப் பெரும்பாறையிலிருந்து வருகிறார்கள். காப்பித் தோட்டக்காரர்கள், பையனுக்கு அரசாங்க உத்தியோகம். என்ன உத்தியோகம் என்று நான் கேட்கவில்லை, அரசாங்கம் என்றதும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டேன். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து ஷைலா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்குகிறாள். போர்டைப் பார்த்து அவர்கள் வாசலோடு திரும்பிப் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வெரசா வந்து, இது உங்கள் பங்களா, நாங்கள் சும்மா குடியிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்யை உங்களுக்காக நானே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காளுக்கு எங்கள் தோத்திரம். உங்கள் பூண்டுக்கு நல்ல விலையும் உங்களுக்கு நல்ல மனசாட்சியும் கிடைக்க மாதாவை வேண்டும்,

மரியசூசை
செயலாளர், வட்டார மதுவிலக்கு சபை

பி.கு.: மழையில் மரம் சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டதால் கடிதத்தைப் போட முடியவில்லை, அதற்குள் ஞாயிறும் வந்து போய்விட்டது. பையனின் அப்பா போர்டை நின்று படித்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்த அதே கதையைச் சொன்னேன். "கவர்மென்ட்டு சரக்குதானங்க, இதுல என்ன கெடக்கு? நம்ம பையனும் கவர்மென்ட்டு ஒயின்ஷாப்புல சூப்பர்வைசர்தான்" என்றார். அந்த வேலை விஷயம் ஷைலாவுக்கு முதலிலேயே தெரியுமாம். அடுத்த மாதம் நிச்சயதார்த்தம், அவசியம் வாருங்கள், பங்களா என்னுடையதாகவே இருக்கட்டும். வரும்போது கொஞ்சம் கசகசா வாங்கி வாருங்கள். மதுவிலக்கு சபைக்கு வேறு செயலாளர் தேடுகிறார்கள், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.