பாதி விலை வசந்தம்

என் மனைவி இந்த ஜென்மத்தில் இனி 'டூர்' என்று வாயைத் திறக்கவே கூடாது. அதற்கு ஒரே வழி அவளை டூர் கூட்டிக்கொண்டு போவதுதான் என்று கண்டுபிடித்தேன்.

தலை சுற்றுகிறதா? எனக்கும் சுற்றியது, ஆனால் அது பிற்பாடு.

நான் பழைய ஃப்ரிட்ஜ், பழைய வாஷிங் மிஷின் வாங்கிச் சரிபண்ணி விற்கிறவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் அடி வாங்கிக் கற்றது. என் தொழிலில் இரண்டே விதி. முதலில் விலை சொல்கிறவன் செத்தான். எதிராளி முதலில் நீட்டுவதை வாங்கிக்கொள்கிறவனும் செத்தான். இந்த இரண்டை வைத்தே கடை பிடித்தேன், வீடு கட்டினேன். கல்யாணத்தில் மட்டும் அவசரப்பட்டு, முதலில் காட்டிய பெண்ணையே சரி என்று சொல்லித் தொலைத்தேன். பதினேழு வருஷமாக அனுபவிக்கிறேன்.

"என்னங்க, அக்காவும் மாமாவும் இந்த வருஷமும் டூர் கிளம்பிட்டாங்க."

"கிளம்பட்டும்."

"அப்ப நாம?"

"நாம வழியனுப்பப் போவோம்."

இப்படியே பதினாறு வருஷம் ஓட்டினேன். பதினேழாவது வருஷம் அவள் பேசுவதை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட ஆரம்பித்தாள். பேச்சுக்குப் பதில் சொல்லலாம். பெருமூச்சுக்கு என்ன சொல்வது?

அப்போதுதான் டிராவல்ஸ்காரன் நோட்டீஸ் கண்ணில் பட்டது. 'வசந்த காலச் சிறப்புப் பயணம். பாதிக் கட்டணம்.' பாதிக் கட்டணத்துக்கு எவனாவது சும்மா கூட்டிக்கொண்டு போவானா? விசாரித்தேன். அவன் கூட்டிப் போகிற வெளிநாட்டில் வசந்தம் என்றால் பூப்பூக்கிற வசந்தம் இல்லையாம். மண்டை பிளக்கிற வசந்தமாம். மத்தியானத்தில் தெருநாய்கூட வெளியே வராதாம். நாங்களோ மழை ஊர்க்காரர்கள். என் மனைவி சமையலறையில் பத்து நிமிஷம் நின்றாலே முந்தானையால் விசிறிக்கொள்கிறவள். அங்கே மூன்று நாள் வைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் நிம்மதி.

நோட்டீஸை அவளிடம் நீட்டினேன். "வசந்தம்" என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

போய் இறங்கிய ஊரில் லாட்ஜ் மேனேஜருக்கு நம் பாஷை தெரியும். எங்கோ நம் ஆட்களோடு வேலை பார்த்தவராம். எனக்கு அது வசதி. சைகையில் பேரம் பேசினால் ருசிக்காது.

"ஏ.சி. ரூம் காலியா இருக்கு சார். இந்த வெயிலுக்கு..."

"ஏ.சி. யாருக்கய்யா வேணும்? ஃபேன் ரூம் குடு. இருக்கிறதுலயே மலிவா."

கிடைத்தது. மூன்றாவது மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழே. கதவைத் திறந்ததும் அறை என் முகத்தில் மூச்சு விட்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர். வெந்நீர்க் குழாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னங்க இது, அடுப்புக்குள்ள வந்த மாதிரி இருக்கு?"

"இதுதாம்மா வசந்தம். பதினேழு வருஷமா கேட்டியே?"

"ஃபேன்லேர்ந்து அனலால்ல வருது?"

"ஃபேன் இருக்கிற காத்தைத்தான் சுத்தும், புதுசா தயாரிக்காது. முடியலைன்னா 'வீட்டுக்குப் போலாம்'னு ஒரு வார்த்தை சொல்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா?"

"சொன்னா, இனிமே டூர்ங்கிற பேச்சே நம்ம வீட்டுல கிடையாது. சம்மதமா?"

"நீங்க சொன்னா?"

வாய்விட்டுச் சிரித்தேன். வெல்டிங் பட்டறையில் எட்டு வருஷம் வெந்தவன் நான். "நான் சொன்னா, வருஷத்துக்கு ஒரு டூர். நீ கைகாட்டுற இடத்துக்கு. போதுமா?"

"எழுதிக் குடுங்க."

லாட்ஜ் ரசீதின் பின்பக்கம் எழுதினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டாள். பயம் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன்.

மறுநாள் காலை வராந்தாவில் மேனேஜர் தலையில் கைவைத்து நின்றார். கீழே ஏழாம் நம்பர் அறையில் ஏ.சி. ஓடவில்லை, மெக்கானிக் ஊரில் இல்லை. என்னால் சும்மா இருக்க முடியுமா? சட்டையைக் கழற்றி இறங்கினேன். மூன்று மணி நேரம். கெப்பாசிட்டர் போயிருந்தது. ஸ்டோரில் கிடந்த பழைய பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டி ஓடவிட்டேன். சில்லென்று வந்தது பாருங்கள், பனிமலையே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த மாதிரி.

மேனேஜர் கண் கலங்கிவிட்டார். "சார், நீங்க காசு வாங்க மாட்டீங்கன்னு தெரியும்." இது யார் சொல்லித் தெரிந்ததோ! "இந்த ரூம் காலியாத்தான் இருக்கு. இங்கயே தங்கிக்குங்க. ஒரு பைசா வேண்டாம்."

முதலில் நீட்டியதை வாங்கிப் பழக்கம் இருந்தால்தானே? போதாததற்கு, பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்போடு என் மனைவி. இந்தக் குளிரில் படுத்தால் அவள் எந்தக் காலத்தில் "வீட்டுக்குப் போலாம்" சொல்வாள்?

"அதெல்லாம் எங்களுக்கு ஒத்துக்காது! வாடகையில மூணு நாள் கழிச்சுக்க!" என்று கத்தினேன்.

"ரெண்டு நாள் சார்."

"சரி, ரெண்டு."

ஜெயித்துவிட்டேன் என்று மார் நிமிர்த்தி மூன்று மாடி ஏறினேன். ஏறி முடித்ததும் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் குடையை எடுத்தாள்.

"எங்கடி?"

"ஊர் பார்க்க. இவ்வளவு தூரம் வந்துட்டு கட்டிலைப் பார்த்துட்டா போறது? நீங்களும் வாங்க."

எட்டிப் பார்த்தேன். தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. "நீ போய்ட்டு வா. கருகிப் போனா என்னைக் கேக்காத."

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தாள். கருகவில்லை. முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தலைமுடி கலையவில்லை. நானோ பனியனைப் பிழிந்து பக்கெட்டில் விட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன பார்த்த?"

"அரண்மனை பார்த்தேன். நூத்திப் பத்து ஜன்னல்ங்க! எண்ணினேன்."

"இந்த வெயில்லயா?"

"வெயிலா? அப்படி ஒண்ணும் தெரியலையே."

மறுநாள் ஆற்றங்கரை போனாள். முகம் இன்னும் பளபளப்பு. போதாக்குறைக்கு ஒரு தும்மல் வேறு.

"தூசிங்க" என்றாள்.

ஐந்தாம் நாள் என் உடம்பெல்லாம் வேர்க்குரு. ஈரத்துண்டைத் தலையில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் அப்பளமாகிவிடுகிறது. கட்டிலில் படுத்தால் மெத்தை என்னைத் திருப்பிப் போட்டு வாட்டுகிறது. என் எட்டு வருஷப் பட்டறை வீரம் எல்லாம் ஆவியாகி மேலே போய் ஃபேனில் சுற்றிக்கொண்டிருந்தது. அவளோ கண்ணாடி முன் நின்று, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு குடையை விரித்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு மிருகக்காட்சிசாலைங்க. நீங்களும் வரீங்களா?"

"அடியே!" என்று எழுந்து உட்கார்ந்தேன். "நீ மனுஷிதானா? போதும்டி! வீட்டுக்குப் போலாம்!"

அவள் ரசீதை எடுத்தாள், பின்பக்கம் தேதி போட்டாள், "இங்க" என்று விரலை வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். மூன்று சொட்டு வியர்வை சாட்சிக் கையெழுத்துப் போட்டது. அவள் குடையோடு இறங்கிப் போனாள்.

டிக்கெட் தேதியை மாற்றச் சொல்ல நானும் கீழே இறங்கினேன். மேனேஜர் போன் போட்டுக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பாதிக் கட்டண டிக்கெட்டுக்குத் தேதி மாறாதாம். இன்னும் இரண்டு நாள். அழுகை வந்தது. அவர் மேஜைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார்.

"சார், இதை அம்மாகிட்ட குடுத்துடுங்க. நேத்து ராத்திரியே எடுத்து வெச்சேன்."

கம்பளிப் போர்வை.

"இது எதுக்கய்யா?"

"ஏழாம் நம்பர்ல மத்தியானம் தூங்கும்போது ரொம்பக் குளிருதாம். ஏ.சி.யைக் குறைங்கம்மான்னா, 'எங்க வீட்டுக்காரர் ரிப்பேர் பண்ணினது, குறைக்க மனசு வரல'ங்கிறாங்க. பாசமான மனுஷி சார்."

போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். ஏழாம் நம்பர் கதவை இடித்தேன். இரண்டு விரல்கடைக்குத் திறந்தது.

"ஏமாத்துக்காரி! அரண்மனையில நூத்திப் பத்து ஜன்னலா?"

"சுவர்ல காலண்டர் மாட்டியிருக்கு. அதுல எண்ணினேன்."

"ஒப்பந்தம் செல்லாது!"

ரசீது இடுக்கு வழியாக நீண்டது. "ஏ.சி.யில இருக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

படித்தேன். என் கையெழுத்து. எங்கேயும் இல்லை.

அந்த இடுக்கு வழியாக ஒரு காற்று வந்து என் மூக்கு நுனியைத் தொட்டது. கண் சொருகியது. இன்னும் இரண்டு நாள், அந்த மூன்றாவது மாடி!

"இந்தா பாரும்மா... நானும் உள்ள வரேனே?"

கதவு ஒரு விரல்கடையானது.

"சரி, வருஷத்துக்கு ரெண்டு டூர்!"

மூக்கு நுனியில் காற்று நின்றுபோனது.

"ரெண்டாவது டூருக்கு உங்க அக்கா, மாமாவும்! நம்ம செலவுல! தாயே, கதவைத் திற!"

திறந்தது. கையிலிருந்த போர்வையை வாங்கிக்கொண்டாள். பாய்ந்து உள்ளே போய், தரையிலேயே சுருண்டு கண்ணை மூடினேன். என் தலைக்கு மேலே அவள் குரல், சாவகாசமாக வந்தது.

"இந்த ரூம் உங்களுக்குத்தான், எப்ப வேணா சாரையும் வரச் சொல்லுங்கன்னு மேனேஜர் மூணு நாளா சொல்லிட்டிருக்கார், நான்தான் மறந்துட்டேன்."