சனிக்கிழமை முன்னால் உட்காரும் எட்டு

எல்லாருக்கும் இஷ்ட தெய்வம் உண்டு. இஷ்ட எண் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் கொரட்டூர் ‘லட்சம்’ அண்ணாத்தேதான். ஜட்கா ஓட்டுகிறவர். சொந்தப் பெயர் குதிரைக்குக்கூடத் தெரியாது. அவர் கும்பிட்ட எண் 142857; ‘லட்சம்’ என்ற பட்டம் அதனால் வந்ததுதான். வேறு கணக்கு எதுவும் வராது. எட்டும் ஐந்தும் எத்தனை என்றால் குதிரையின் முகத்தைப் பார்ப்பார்.

ஆனால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571 என்று ஆறு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

“பாத்தியா சார், அதே ஆறு பேரு. வட்டமா எடம் மாறிக் குந்திகினு கீறானுங்க. ஒருத்தனும் பக்கத்து ஆள வுட்டுப் போவமாட்டான்.”

இதோடு விட்டாரா? அவர் வண்டியில் அம்பத்தூர்ப் பள்ளிக்கூடம் போகும் ஆறு குழந்தைகளும் முன்னிடத்துக்கு அடித்துக்கொள்வார்கள். அந்த ஆறு இலக்கங்களையே அவர்களுக்குப் பெயராக வைத்து, வட்டமாக உட்கார்த்தி வைத்துவிட்டார். திங்கட்கிழமை ஒன்றால் பெருக்கு, ‘ஒண்ணு’ முன்னால். செவ்வாய் இரண்டால், ‘ரெண்டு’ முன்னால். சனிக்கிழமை ஆறால் பெருக்கினால் 857142. என் மகள் கமலா, அதாவது ‘எட்டு’, முன்னால். ஞாயிற்றுக்கிழமை ஏழால் பெருக்கினால் 999999.

“ஒம்போதுன்னு நம்ம வண்டில யாருமே இல்லியே சார். அதான் லீவு.”

பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி பலமுறை கண்டித்துப் பார்த்தேன். அவளோ ‘எட்டு’ என்றால்தான் திரும்பினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நல்ல மழை. ஏரிக்கரையில் லாரி ஊதியதில் குதிரை மிரண்டு வண்டி குடை சாய்ந்தது. ஓடி வந்தவர்கள் சேறு பூசிய ஆறு தலைகளை எண்ணி, எல்லாரும் பத்திரம் என்று கலையத் தொடங்கினார்கள். ரயிலை விட்டிறங்கி வந்த நான் அங்கே போய்ச் சேர்ந்தது அப்போதுதான். நெற்றியில் ரத்தம் வழிய அண்ணாத்தே, “அவங்கவங்க பக்கத்து ஆளு கையப் புடி” என்றார்.

வட்டம் சேர்ந்ததும் ‘ரெண்டு’ அழுதான். “இது எட்டு கை இல்ல.”

வேடிக்கை பார்க்க வந்த குழந்தையின் கை அது.

கமலா, கமலா என்று கத்தினேன். பதில் இல்லை. என்னைத் தள்ளிவிட்டு அண்ணாத்தே தரையோடு குனிந்தார்.

“நாளிக்கு சனிக்கெயம. முன்னால குந்தப்போறது யாரு?”

கவிழ்ந்த வண்டிக்கு அடியில், வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“நான்தான்.”

முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி ஜட்காவே வேண்டாம் என்று அன்றிரவு வீட்டில் தீர்மானமாயிற்று. மறுநாள் காலை வாசலில் வந்து நின்றது ஜட்கா அல்ல. தலையில் கட்டோடு அண்ணாத்தே, பக்கத்தில் வேலையில்லாத குதிரை. எதிரே ஐந்து குழந்தைகள் வரிசையாக, முன்னால் ஓர் இடம் காலியாக.

“இன்னா பண்றது சார், இன்னிக்கு ஆறால பெருக்கற நாளாச்சே. நடந்தே இட்டுகினு போறேன்.”

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் உள்ளே திரும்பிக் கூப்பிட்டேன்.

“எட்டு, வாம்மா. உனக்காக எல்லாரும் நிக்கறாங்க.”