சுவரில்லாத மண்டபத்துக்கு ஒரு திறப்பு விழா

குடகனாற்றங்கரையில், திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிஷத்தில், பதினாறு தூண்கள் வைத்த ஒரு பழைய கல்மண்டபம் இருக்கிறது. நாலு பக்கமும் சுவர் கிடையாது. கதவும் கிடையாது. அதைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும் என்று பதினோரு வருஷமாக மனு கொடுத்து வந்தவன் நான்தான்.

என் பெயர் முகமது பாரூக். திண்டுக்கல்லில் பூட்டுக்கடை. அத்துடன் குடகனாறு பாரம்பரியப் பாதுகாப்புப் பேரவையின் தலைவர். பேரவையில் மொத்தம் மூன்று பேர். ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். இன்னொருவர் என் மைத்துனர். கூட்டம் என்று கூப்பிட்டால் பிரியாணி உண்டா என்று கேட்பார். இப்போதெல்லாம் கையில் நாலு காசு சேர்ந்தவனுக்குப் பாரம்பரியத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது. எனக்கும் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மண்டபத்தின் மேல் இருந்த ஆசையைவிடத் திறப்பு விழாக் கல்வெட்டில் என் பெயர் வர வேண்டும் என்ற ஆசைதான் பெரிது.

மண்டபத்தில் ஆள் இல்லாமலில்லை. நாகஜோதியும் இன்னும் ஐந்து பெண்களும் தினமும் காலையில் மல்லிகைக் கூடையோடு வந்து உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். கல் குளிர்ச்சியில் பூ வாடாது. மூன்று மணி பஸ்ஸில் சரம் டவுனுக்குப் போய்விடும். ஆனால் அவர்களைப் பொதுமக்கள் கணக்கில் நான் சேர்க்கவில்லை. டிக்கெட் வாங்காமல், செல்ஃபி எடுக்காமல் தினமும் வருகிறவர்களைப் பார்வையாளர் என்று யாராவது சொல்வார்களா?

பன்னிரண்டாவது மனுவுக்குப் பதில் வந்தது. தொல்லியல் துறை அலுவலகத்துக்கு ஓடினேன். அலுவலர் சகாயசெல்வி மேடம் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு கவலையோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க மனுவை ஏத்துக்கிட்டோம் சார். ஆனா ஒரு சிக்கல். ஒண்ணைத் திறக்கணும்னா முதல்ல அது மூடியிருக்கணும்ல?"

"மூடுறதுக்குக் கதவே இல்லியே மேடம்."

"அதான் சிக்கலே. திறந்து கெடக்கிறதை எப்படித் திறந்து வைக்கிறது? ஆடிட்ல கேப்பாங்க."

அவர் சொன்ன நியாயம் எனக்கு உடனே புரிந்தது. அதுதான் என் கெட்ட நேரம். "அப்ப மூடிருவோம் மேடம்" என்றேன், நானே.

'மேற்படி மண்டபத்தை உரிய முறையில் திறக்கும் பொருட்டு அதனை உரிய முறையில் மூடுதல்' என்ற தலைப்பில் கருத்துரு தயாரானது. நாலே மாதத்தில் மண்டபத்தைச் சுற்றிப் பத்தடி உயரத்துக்குக் கம்பி வேலி எழும்பியது. முன்னால் ஒரு இரும்பு கேட். கரையில் 'ஆழமான பகுதி, நீரில் இறங்காதீர்' என்று பலகை. குடகனாற்றில் வருஷத்துக்குப் பதினைந்து நாள் தண்ணீர் ஓடினால் பெரிய விஷயம். இருந்தாலும் பலகைக்குப் பக்கத்தில் ஆறு லைஃப் ஜாக்கெட் தொங்கின. நட்டாற்றில் நின்ற வெள்ளாடுகள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாய், நாங்க எங்கிட்டு உக்கார்றது?" என்று கேட்டாள் நாகஜோதி.

"விழா முடிஞ்சதும் தாராளமா வரலாம்மா. உங்களுக்காகத்தான் திறக்கிறோம்."

"நாங்க உள்ளதான பாய் இருந்தோம்?"

"அது சும்மா இருந்தது. இனிமே முறைப்படி இருக்கலாம்."

கல்வெட்டு வாசகம் வந்தது. இருபத்து மூன்று பெயர்கள். என் பெயர் இல்லை. ஓரத்தில் சின்னதாகவாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். கல்லில் இடமில்லை என்றார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி நர்கீஸ் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கல்லுல இடமில்லேன்னா என்னங்க? அந்தக் கேட்டுக்குப் பூட்டு வேணும்ல, அதுல உங்க பேரை வெட்டிக் குடுங்க."

அவள் கேலியாகத்தான் சொன்னாள். டியூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். ஆனால் இரண்டு கிலோவில் ஒரு மாங்காய்ப் பூட்டு செய்யச் சொல்லி, 'அன்பளிப்பு: முகமது பாரூக். எவராலும் உடைத்தோ நெம்பியோ திறக்க முடியாதது' என்று வெட்டியும் கொடுத்துவிட்டேன்.

விழா நடந்தது. பூட்டைத் திறந்தார்கள், கைதட்டினோம். நாகஜோதிக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, 'முதல் பார்வையாளர்' என்று நிறுத்திப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வெளியே வந்தோம். கேட்டைப் பூட்டினார்கள். சாவி ஜீப்பில் ஏறித் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது.

ஒரு வாரமாகியும் சாவி திரும்பவில்லை. மேடத்திடம் போனேன்.

"மண்டபம் திறந்துதான் சார் இருக்கு. கேட்டுதான் பூட்டியிருக்கு."

"காவலுக்கு ஒரு ஆள் போட்டா..."

"மாசம் ஐநூறு பார்வையாளர் வந்தாத்தான் காவலர் போஸ்டிங் கிடைக்கும்."

"பூட்டியிருந்தா எப்படி மேடம் வருவாங்க?"

"வரலைன்னுதான் நாங்களும் ரிப்போர்ட் எழுதியிருக்கோம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சில கார்கள் வந்தன. வந்தவர்கள் வேலிக்கு முன்னால் நின்று படம் எடுத்து, 'நம் பாரம்பரியம், நம் பெருமை' என்று போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது பூட்டையும் படித்தார்கள். "யாருய்யா இந்தப் பாரூக்? பூட்டுனதும் இல்லாம பேரு வேற போட்டிருக்கான்" என்று ஒருவர் கேட்டபோது நான் லைஃப் ஜாக்கெட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாகஜோதி சீமைக்கருவேலத்தின் அரைகுறை நிழலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த சரம் பழுத்துப்போயிருந்தது.

"மூணு நாளா டவுன்ல பூவை எடுக்க மாட்டேங்கிறாங்க பாய். அம்புட்டும் வெக்கையில கருகிருது. நீங்க செஞ்ச பூட்டுதான, தொறந்து விடுங்க."

தொழில்காரன் நான், நெம்பிப் பார்த்தால் திறந்துவிடும். ஆனால் திறக்க முடியாது என்று என் பெயருக்குக் கீழேயே வெட்டி வைத்திருக்கிறேனே! நானே திறந்தால் கடை என்னாவது?

"மனு போடுறேன்மா" என்றேன்.

'திறக்கப்பட்ட மண்டபத்தைத் திறக்கக் கோருதல்' என்று பதின்மூன்றாவது மனுவைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து அதன் நகலை அவளிடம் காட்டலாம் என்று போனேன். கேட் பூட்டியிருந்தது. பூட்டு என் பெயரோடு கம்பீரமாகத் தொங்கியது. உள்ளே ஆறு பெண்களும் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்படிம்மா உள்ள போனீங்க?"

நாகஜோதி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் காட்டினாள். "மொத நாளு செத்த நேரம் ஆச்சு பாய். இப்பல்லாம் ஒரு நிமிசம். கம்பி வழியா கையை விட்டு மறுபடி பூட்டிக்கிருவோம். முந்தி ஆடு வரும், குடிகாரப் பயலுக வருவாய்ங்க. இப்ப ஒருத்தன் எட்டிப் பாக்குறதில்ல. நல்ல பூட்டு பாய்!"

என் வாழ்க்கையில் என் பூட்டுக்குக் கிடைத்த பாராட்டிலேயே என்னைக் கொன்ற பாராட்டு அதுதான்.

"வெளிய சொல்லிறாத தாயி" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"நாங்க ஏன் சொல்றோம்? நீங்க மட்டும் இனிமே எதையும் தொறக்கச் சொல்லி மனு போடாதீங்க."

நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். போன வாரம் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேற்படி மண்டபம் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டு வருவதால், இனித் திறக்கவிருக்கும் நாற்பது இடங்களுக்கும் என் கடைப் பூட்டையே தேர்வு செய்திருக்கிறார்களாம். 'எவராலும் திறக்க முடியாதது' என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து வெளியில் சொல்லாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் தொங்குவதும் என் கடைப் பூட்டாக இருக்கலாம்.